வீட்டு மொழி தமிழ்: ஒருவர்

அன்று அங்கே இருந்தவர்கள்.

டேட்டா சார். வீடு அவருடையது. அவருடைய மனைவி, விஜயவாடாக்காரர். மாம்பலத்து மேடம். கோயம்புத்தூர்க்காரர், இரட்டைப் பிள்ளைகளின் அப்பா. நான். என் மகள், ஒன்றாம் வகுப்பு.

ஆறு பேர். பெயர் எழுதவில்லை. எல்லாரும் இன்னும் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். நானும் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம். மேஜைமேல் மூன்று லேப்டாப், ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி. தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கடிதம்.

கடிதம் பள்ளிகளை நடத்தும் போர்டிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றை ஜூன் மாதத்தோடு மூடப் போகிறார்கள். இருப்பதிலேயே சின்னது எங்கள் பள்ளிக்கூடம். மூடினால் பிள்ளைகள், கார்கள் மட்டும் பறக்கும் ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு அது காரில் எட்டு நிமிடம். எனக்குக் கார் ஓட்ட லைசென்ஸ் இல்லை.

நான் எட்டாவது வரை படித்தேன். திண்டுக்கல் - வத்தலக்குண்டு ரூட்டில் பதினாறு வருஷம் தனியார் பஸ் கண்டக்டர். மனைவி நர்ஸ். அவளுக்குக் கடல் தாண்டி இங்கே வேலை கிடைத்தது. நான் கூட வந்தேன். வந்த பிறகு மகள் படிக்கும் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரஞ்சு நிற மேல்சட்டை, கழுத்தில் விசில். ஊரிலும் விசில், இங்கேயும் விசில். வேலை பெரிதாக மாறவில்லை.

வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தால் ஆறு நிமிடம். காலையில் மகளோடு போவேன். மூன்று மணிக்கு மகளோடு வருவேன். வழியெல்லாம் அவள் பேசுவாள். நான் 'ம்' சொல்வேன். பள்ளி மூடினால் வேலையும் இல்லை, நடையும் இல்லை.

லைசென்ஸ் டெஸ்டுக்கு நான்கு முறை போனேன். நான்கு முறையும் ஒரே தப்பு. ரோட்டோரம் யாராவது நின்றால் வண்டியை நிறுத்திவிடுவேன். கடைசி முறை, டெஸ்ட் எடுத்த அம்மா ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். "ஆள் நிக்கிறாங்க" என்றேன். தமிழில். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை நான் போனேன். பஜ்ஜிக்காக இல்லை.

டேட்டா சார் கம்பெனியில் என்ன செய்கிறார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. எண்களைப் படமாக மாற்றுகிறார். எதற்கெடுத்தாலும் "டேட்டா என்ன சொல்லுது?" என்பார். ரசத்தில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட.

"இமோஷனலா பேசினா போர்டுல யாரும் கேக்க மாட்டாங்க," என்றார். "ஸ்கூல் டேட்டா, சென்சஸ் டேட்டா, எல்லாம் வெப்சைட்ல ஃப்ரீயா கெடக்கு. எடுத்து மூஞ்சில காட்டிடலாம்."

"யார் மூஞ்சில?" என்றார் மாம்பலத்து மேடம்.

"போர்டு மூஞ்சில."

"அப்ப சரி."

டேட்டா சார் போர்டின் சட்டப் புத்தகத்தை முழுக்கப் படித்திருந்தார். அதை அவரைத் தவிர வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். எழுதியவர்களே படித்திருப்பார்களா என்பது சந்தேகம். அதில் ஒரு விதி இருந்தது. ஒரு பள்ளியில் ஒரே வீட்டு மொழிக்காரப் பிள்ளைகள் நாற்பது பேர் இருந்தால், மூடுவதற்கு முன்னால் அந்த மொழியிலேயே வீட்டுக்கு வீடு கடிதம் அனுப்ப வேண்டும். அந்த மொழியிலேயே கூட்டம் போட வேண்டும். அதற்கெல்லாம் ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷம் பள்ளியைத் தொட முடியாது.

"நாப்பதுதானுங்களா?" என்றார் கோயம்புத்தூர்க்காரர். "மூணு மணிக்கு கேட்டுகிட்ட வந்து நில்லுங்க. நாப்பது அம்மிணிங்க தமிழ்லயே கொழந்தைகள வஞ்சுட்டு நிப்பாங்க."

"அத டேட்டால காட்டணும்," என்றார் டேட்டா சார்.

முதலில் எங்கள் தெருக்களின் படத்தைத் திறந்தார். சென்சஸ் கணக்கு. எந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று கோடு கோடாக வந்தது. தமிழுக்கு ஆரஞ்சுக் கோடு. அது திரையின் ஓரம்வரை நீண்டு போய்விட்டது. மாம்பலத்து மேடம் கை தட்டினார்.

அடுத்து பள்ளியின் பக்கத்தைத் திறந்தார். அதுவும் அரசாங்கக் கணக்கு. வீட்டில் பேசும் மொழி என்று ஒரு பட்டியல். ஸ்பானிஷ் இருந்தது. வியட்நாமியம் இருந்தது. சீனம் இருந்தது. தமிழ் எங்கே என்று கீழே போனார். இன்னும் கீழே போனார்.

தமிழ், ஒருவர்.

"ஒன்னா?" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"ஒன்னு."

"என் வீட்லயே ரெண்டு பேர் இருக்காங்களேங்க."

"பக் இருக்கு," என்றார் டேட்டா சார். "ரெண்டு டேட்டாவையும் சேக்கற எடத்துல எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். ஒரு நிமிஷம்."

ஒரு நிமிஷம் என்றவர் ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். மூன்று லேப்டாப்பிலும் மாறி மாறி அடித்தார். போன வருஷக் கணக்கு, அதற்கு முந்தின வருஷக் கணக்கு எல்லாம் வந்தன. அதிலெல்லாம் ஒன்றுகூட இல்லை. பஜ்ஜி தீர்ந்தது. டேட்டா சாரின் மனைவி இன்னொரு தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் நின்று, "டேட்டா என்ன சொல்லுது?" என்றார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவருக்குத் தமிழில் நன்றாக வரும்.

எனக்குக் காரணம் தெரியும். முதல் நிமிஷத்திலேயே தெரியும். யாராவது கேட்பார்கள் என்று இருந்தேன்.

பள்ளியில் சேர்க்கும்போது ஒரு காகிதம் கொடுப்பார்கள். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் பெரியவர்கள் பேசுவது எது என்று நாலு கேள்வி. நம் ஆட்கள் அத்தனை பேரும் அதில் இங்கிலீஷ் என்று எழுதுவார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று டெஸ்ட் வைப்பார்கள். டெஸ்ட் வைத்தால் தனியாக உட்கார வைப்பார்கள். தனியாக உட்கார வைத்தால் வாழ்க்கை போய்விடும். புதிதாக யார் குடிவந்தாலும் முருங்கைக்காய் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று சொல்கிற கையோடு இதையும் சொல்லிவிடுவார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் இல்லை. காகிதம் கேட்டது. எழுதினேன்.

"எல்லாரும் இங்கிலீஷ்னு போட்டீங்க," என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். வந்ததிலிருந்து நான் பேசிய முதல் பேச்சு அது.

"எதுலங்க?"

"ஃபார்ம்ல."

டேட்டா சார் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். கோயம்புத்தூர்க்காரர் மட்டும், "ஆமாங்க, போட்டம்," என்றார்.

"ஆனா சென்சஸ்ல கரெக்டா வருதே?" என்றார் மாம்பலத்து மேடம்.

டேட்டா சார் லேப்டாப்பை மூடினார். "சென்சஸ்ல டெஸ்ட் கெடையாது மேடம். அங்க உண்மைய சொல்லியிருக்கோம்."

"அப்ப அந்த ஒன்னு யாரு?"

என் மகள் கையைத் தூக்கினாள். வகுப்பில் தூக்குவதுபோல. கையில் பஜ்ஜி இருந்தது.

எழுதியதை மாற்ற வழி இருந்தது. பள்ளி ஆபீசில் அதே காகிதத்தை மறுபடி வாங்கி, அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ அதுதான் போர்டுக்குப் போகும். பதின்மூன்று நாள் இருந்தது.

டேட்டா சார் குரூப்பில் நீளமாக ஒரு செய்தி போட்டார். கட்டைவிரல் படம் இருபத்தாறு வந்தது. கையெழுத்து ஒன்றுகூட வரவில்லை.

"வீடு வீடா போகணும்," என்றேன்.

"எந்த வீடுன்னு எப்படிண்ணா தெரியும்? ஸ்டூடன்ட் லிஸ்ட் தர மாட்டாங்க. அது பிரைவேட் டேட்டா."

என்னிடம் லிஸ்ட் இருந்தது. மில்பிடாஸ் மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகளின் பெயர் எனக்கு நிற்காது. டப்பா நிற்கும். பச்சை டப்பா, எலுமிச்சை சாதம், இரண்டாம் வகுப்பு. நீல டப்பா, இட்லி பொடி, நாலாம் வகுப்பு. உடைந்த கிளிப், தயிர் சாதம், மாதுளை முத்து. மொத்தம் ஐம்பத்து மூன்று. வழக்கமான பிரயாணிகளை எந்த ஸ்டாப்பில் ஏறுவார்கள் என்று வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வோம். இது அந்த மாதிரி.

டேட்டா சார் காலண்டரைப் பார்த்தார்.

"அண்ணா, இதுவும் பிரைவேட் டேட்டாதான்."

"பொடி வாசனை ஹால் முழுக்க வருது. பப்ளிக்தான்."

அவர் அதை லேப்டாப்பில் ஏற்றினார். டப்பா நிறம் ஒரு பத்தி, சாதம் ஒரு பத்தி, வகுப்பு ஒரு பத்தி. பிறகு கேட்டார்.

"இது தமிழ் டப்பான்னு எவ்ளோ ஷ்யூரா சொல்றீங்க? தெலுங்கா இருக்கலாம், கன்னடமா இருக்கலாம்."

"மூடியத் தொறந்தா தெரியும்."

"பர்சன்டேஜா சொல்லுங்கண்ணா."

"மூடியத் தொறந்தா தெரியும்," என்றேன் மறுபடி.

சாயங்காலங்களில் போனோம். மூன்று மணிக்கு கேட்டில் எந்தக் கார் எந்த டப்பாக்காரப் பிள்ளையை ஏற்றுகிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் கார் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று தேடுவோம். டேட்டா சார் ஓட்டுவார். நான் இறங்கி மணி அடிப்பேன். முதல் நாள், வேலை முடிந்து காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினேன். பஸ் பழக்கம். அவர் என்னைப் பார்த்தார். பிறகு எடுத்தார். மூன்றாம் நாளிலிருந்து நான் தட்டினால்தான் எடுத்தார்.

முதல் வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேரும் கதவைத் திறந்தார்கள். காகிதத்தைக் கொடுத்தேன்.

"வீட்டுல அதிகமா பேசறது... இங்கிலீஷ்தான்," என்றார் கணவர்.

"யாரு பேசறா? நீங்க ஆபீஸ் கால்ல பேசுவீங்க. வீட்ல எங்க பேசறீங்க?"

"புள்ளைகிட்ட நான் இங்கிலீஷ்தானே பேசறேன்?"

"என்னைக்கு புள்ளைகிட்ட பேசினீங்க? மொதல்ல அத சொல்லுங்க."

"இவரு முன்னாடி எதுக்கு இதெல்லாம்?"

"கேக்கட்டும். ஊருக்கே தெரியட்டும்."

ஏழு நிமிஷம் நடந்தது. அவருடைய அம்மா, இவருடைய தங்கை கல்யாணம், போன தீபாவளி எல்லாம் வந்தன. நான் பேனாவோடு நின்றேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டேன்.

"இப்ப பேசினது எந்த மொழி?"

கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் காகிதத்தில் இருந்த கேள்விகளைப் படிப்பதில்லை. கடைசியாக எந்த மொழியில் சண்டை போட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். பொய் சொல்ல முடியாத கேள்வி. கோயம்புத்தூர்க்காரர், "எங்களுக்குள்ள சண்டையே வரதில்லீங்," என்றார். உள்ளே சமையலறையிலிருந்து, "ஆரு சொன்னா?" என்று ஒரு குரல் வந்தது. அவருக்கு இரண்டு கையெழுத்து. இரட்டைப் பிள்ளைகள்.

திரும்பும்போது டேட்டா சாரிடமும் கேட்டேன்.

அவர் ரோட்டையே பார்த்தார். "அவளுக்கு தமிழ் தெரியாது. எனக்கு தெலுங்கு தெரியாது. நாங்க இங்கிலீஷ்லதாண்ணா சண்டை போடுவோம்."

"நல்லா வருமா?"

"அவளுக்கு நல்லா வரும்."

அவர்கள் எழுதியது சரி. விட்டுவிட்டேன். இவ்வளவு வேலையும் செய்த மனிதரின் பிள்ளை கணக்கில் வரவில்லை. மறுநாள் முதல் வீட்டில் மட்டும் நான் தட்டுவதற்கு முன்னாலேயே வண்டியை எடுத்துவிட்டார்.

பச்சை டப்பா, எலுமிச்சை சாதம், இரண்டாம் வகுப்பு. அந்த வீட்டு மணியை அடித்தேன். ஒரு சர்தார் கதவைத் திறந்தார். ஆறடிக்கு மேல். டர்பன். நான் காலண்டரைப் பார்த்தேன். அவரும் எட்டிப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லி டீ கொடுத்தார். பையன் வந்தான். அதே பையன்தான். கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. அவனுக்கு ஆலு பராத்தா அலுத்துவிட்டது. பக்கத்தில் உட்காரும் தமிழ்ப் பையனுக்கு எலுமிச்சை சாதம் அலுத்துவிட்டது. பள்ளி திறந்த முதல் வாரத்திலிருந்து ஹாலுக்குள் வருவதற்கு முன்னாலேயே டப்பாவை மாற்றிக்கொள்கிறார்கள், சாப்பிட்டதும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பதினாறு வருஷத்தில் டிக்கெட் மாற்றிக்கொண்டு என்னை ஏமாற்றியவன் ஒருத்தன் கிடையாது. டப்பா மாற்றிவிட்டார்கள்.

காரில் சொன்னேன். டேட்டா சாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா? அதான் பர்சன்டேஜ் கேட்டேன்."

அந்தத் தமிழ்ப் பையனின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவனைப் பராத்தா என்று வேறு பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்; பச்சை டப்பா இனி அவன் கணக்கு. அவன் அம்மா கதவைத் திறந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் காலங்காத்தால எந்திரிச்சு தாளிச்சுக் கெளறுற சாதத்த யாரு திங்கறா?"

"சர்தார் வீட்டுப் பையன்."

அவர் இடுப்பில் கை வைத்தார். உள்ளே பார்த்தார். பையன் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டான்.

"அவனுக்குப் புடிச்சிருக்காமா?"

"டப்பா காலியா இருக்கும்."

"நெசமாவா?"

"வழிச்சிருப்பான்."

அவர் முகம் மாறிவிட்டது. கையெழுத்துப் போட்டார். பையனைத் திட்டவில்லை. மறுநாள் பச்சை டப்பாவில் சாதம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வேர்க்கடலையும் போட்டிருந்தார்.

டெஸ்டுக்குப் பயந்தவர்கள்தான் அதிகம். ஒரு அப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"டெஸ்ட் வெப்பாங்களா மாட்டாங்களா? அத சொல்லுங்க."

"வெக்கலாம்."

"ஃபெயில் ஆயிட்டா?"

"எம் பொண்ணு எழுதினா. அரை மணி நேரம். ஸ்டிக்கர் குடுத்தாங்க."

அவர் காலுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் தலையை நீட்டினாள். "வாட் ஸ்டிக்கர்?"

"டைனோசர்."

"அப்பா, ஐ வான்ட் த டெஸ்ட்."

இன்னும் இரண்டு வீட்டில் உண்மையாகவே இங்கிலீஷ். அப்பாவும் அம்மாவும் இங்கேயே பிறந்தவர்கள். இட்லி மட்டும்தான் தமிழ். அவர்களிடம் தேங்க் யூ சொல்லிவிட்டு வந்தேன். ஆறு டப்பா வேறு மொழி. அதை டேட்டா சார் மறுநாளும் சொல்லிக் காட்டினார்.

மாம்பலத்து மேடத்தின் வீடு பள்ளிக்கு எதிர்மூலையில். குரூப்பில் பள்ளியைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லாரையும்விட அதிகமாக எழுதியவர் அவர்தான். அதனால் கடைசியில் போனோம். கையெழுத்து உடனே கிடைக்கும் என்று நினைத்தேன்.

"அண்ணா, நான் உங்க கூடத்தான் இருக்கேன். போர்டு மீட்டிங்குக்கு வரேன், பேனர் பிடிக்கறேன், பேசறேன். ஆனா இது மட்டும் வேணாம். என் பொண்ணு ஃபைல்ல தமிழ்னு வரக் கூடாது. அவளுக்கு இங்கிலீஷ்தான் ஃபர்ஸ்ட் லாங்குவேஜ்."

"கடைசியா எந்த மொழில..."

"கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். அந்தக் கேள்விய என்கிட்ட கேக்காதீங்க."

"இதெல்லாம் தமிழ்லதான் சொல்றீங்க."

"உங்களுக்குப் புரியணுமேன்னு சொல்றேன்."

நான் காகிதத்தை மடித்தேன். அவர் கதவைச் சாத்தவில்லை.

"பதினஞ்சு வருஷமா ஆபீஸ் மீட்டிங்ல ஒவ்வொன்னையும் ரெண்டு தடவ சொல்றேன் அண்ணா. மொத தடவ சொன்னா, சாரி, என்ன சொன்னீங்கன்னு கேப்பாங்க. என் பொண்ணு ஒரு தடவ சொன்னா போதும். அதுக்குத்தான் அப்படி எழுதினேன்."

'ம்' என்றேன். காகிதத்தை மட்டும் ஷூ அலமாரிமேல் வைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் எண்ணினேன். ஐம்பத்து மூன்று டப்பா. வேறு மொழி ஆறு. உண்மையான இங்கிலீஷ், டேட்டா சார் பிள்ளையோடு, மூன்று. முடியாது என்றவர்கள் ஐந்து. மிச்சம், என் மகளையும் சேர்த்து, முப்பத்தொன்பது.

மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பது.

மனைவி ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஒன்னக் கூட்டி வச்சா என்ன? யாரு எண்ணப் போறா?"

"நான் எண்ணுவேன்."

"பதினாறு வருஷம் எண்ணி என்ன மிச்சம்? ஒன்னு கொறையுதுன்னா அந்த மாம்பலத்தம்மா காலுல விழுந்தாவது வாங்கிட்டு வரணும். வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

"அவங்க சொன்னது ஞாயம்."

"அப்ப நடங்க. ஃப்ரீவே மேல நடங்க, அப்பாவும் மகளும்." செருப்பை மாட்டினாள். வாசலில் நின்று, "சாப்பாடு மேசைல இருக்கு," என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மணிக்கு முன்னால், காகிதக் கட்டை ஆபீசில் கொடுத்தேன். முப்பத்தெட்டு காகிதம். என் மகள் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறாள். ஆபீஸ் அம்மா கட்டைவிரலால் தள்ளி எண்ணினார். அவர் எண்ணியதும் முப்பத்தெட்டு. மூன்றரைக்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். நான் வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். முடியாது என்ற ஐந்து வீட்டில் யாராவது வருவார்களா என்று பார்த்தேன். மகள் பேசிக்கொண்டிருந்தாள். பெரிய பள்ளியில் ஊஞ்சல் இல்லை என்றாள். அங்கே மதியம் யார் விசில் ஊதுவார்கள் என்று கேட்டாள். நான் 'ம்' சொன்னேன்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தபோது, வெள்ளை நிறக் கார் ஒன்று வேகமாக வந்து சிவப்புக் கோட்டில் நின்றது. அங்கே யாரும் நிறுத்தக் கூடாது. தீயணைப்பு வண்டிக்கான இடம். அப்படி நிறுத்துகிறவர்களைப் போட்டோ எடுத்து, நம்பர் தெரிகிற மாதிரி, குரூப்பில் போடுகிறவர் மாம்பலத்து மேடம். கார் அவருடையது. விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கதவுகூடச் சரியாகச் சாத்தவில்லை. அவர் உள்ளே ஓடிவிட்டார். மறந்துபோன ஜாக்கெட்டை எடுக்க வந்திருப்பார் என்று நினைத்தேன்.

விசில் கழுத்தில்தான் இருந்தது. ஊதவில்லை.

செவ்வாய்க்கிழமை போர்டு கூட்டம். பெரிய ஹால். நாற்பதுக்குக் குறைந்தால் எங்கள் பள்ளி அன்றே பட்டியலில் ஏறும், ஜூனில் மூடப்படும். பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு நிமிஷம். எதிரே சிவப்பு எண்ணில் கடிகாரம் இறங்கும்.

டேட்டா சார் முப்பத்தொரு படம் கொண்டுவந்திருந்தார். மூன்றாவது படத்தில் மணி அடித்துவிட்டது. நாலாவது படத்தில்தான் விஷயமே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். கோயம்புத்தூர்க்காரர் போர்டுக்கு நன்றி சொன்னார். தலைவர் அம்மாவுக்கு நன்றி சொன்னார். மைக் வைத்தவருக்கு நன்றி சொன்னார். மணி அடித்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். மனைவி இங்கிலீஷ் பேச்சு ஒன்றைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். முன்னும் பின்னும் முழுப் பக்கம். மைக்குக்கு முன்னால் நின்றதும் கண்ணாடியை வீட்டில் விட்டது தெரிந்தது.

"வி வாக்," என்றேன். "தேங்க் யூ."

வந்து உட்கார்ந்தேன். கடிகாரம் ஐம்பத்தாறிலிருந்து தானாக இறங்கிக்கொண்டிருந்தது. ஹால் முழுக்க அதையே பார்த்தது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அவ்ளோதானா?" என்றாள் மனைவி.

"அவ்ளோதான்."

"அரைப் பக்கமாவது படிச்சிருக்கலாம்."

தலைவர் அம்மா கண்ணாடியை மாட்டினார். எங்கள் பள்ளியின் காகிதத்தை எடுத்தார். கட்டடத்தின் வயசைப் படித்தார். மொத்தப் பிள்ளைகளின் கணக்கைப் படித்தார். டேட்டா சார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் எண்ணிக்கை தெரியும். எனக்கும் தெரியும். பதினாறு வருஷத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் எத்தனையோ முறை வண்டியை நிறுத்தித் தலை எண்ணியிருக்கிறார். என் கணக்கில் ஒரு தலை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

மாம்பலத்து மேடம் எங்கள் வரிசையின் கடைசி நாற்காலியில் இருந்தார். பேச வருகிறேன் என்றவர் பெயரே கொடுக்கவில்லை. கையிலிருந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அணைந்திருந்தது.

தலைவர் அம்மா காகிதத்தைத் திருப்பினார். வீட்டு மொழி, தமிழ் என்று படித்தார். எண்ணைச் சொன்னார்.

நாற்பது.